பழைய கணினிகளில் இணைய உலாவி இற்றைப்படுத்தல் – ஒரு வரலாறு

இணைய உலாவி இற்றைப்படுத்தல் என்பது, கணினியில் நிறுவப்பட்டுள்ள உலாவியின் பழைய பதிப்பை மாற்றி, அதை உருவாக்கியவர்கள் வெளியிடும் புதிய பதிப்பை நிறுவுதல் ஆகும். புதிய கணினிகளில் இப்பணி பயனர் அறியாமலேயே நடந்து முடிகிறது. பழைய கணினிகளில் நிலைமை வேறு. உலாவி இயங்குதளத்தின் மேல் அமர்ந்துள்ளது. இயங்குதளம் வன்பொருளின் மேல் அமர்ந்துள்ளது. கீழே உள்ளது இடம் கொடுத்தால்தான் மேலே உள்ளதை மாற்ற முடியும். எனவே பழைய கணினி வைத்திருப்பவர் முன் எப்போதும் ஒரு கேள்வி நிற்கிறது: பழைய உலாவியோடு ஆபத்தை ஏற்பதா, இணையத்தை விட்டு விலகுவதா, வேறு வழி தேடுவதா? இக்கேள்வி எவ்வாறு உருவாயிற்று என்பதையும், கடந்த முப்பது ஆண்டு அனுபவம் அதற்கு என்ன விடை தருகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்க காலம்

முதல் உலாவியை டிம் பெர்னர்சு லீ 1990 இல் செர்ன் ஆய்வகத்தில் எழுதினார். அது நெக்ஸ்ட் என்னும் கணினியில் மட்டுமே இயங்கியது. 1993 இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா ஆகியோர் உருவாக்கிய மொசைக் உலாவி சாதாரணக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. 1994 டிசம்பரில் நெட்சுகேப் நேவிகேட்டரும், 1995 ஆகஸ்டில் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் வெளிவந்தன.

அக்காலத்தில் புதிய பதிப்பு என்பது புதிய வசதி என்றே பொருள்பட்டது. பாதுகாப்புக்காகவும் உலாவியை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் 1995 இல் வேரூன்றத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் பெர்க்கிலி பல்கலைக்கழக மாணவர்களான இயன் கோல்டுபர்க், டேவிட் வாக்னர் ஆகிய இருவரும் நெட்சுகேப்பின் மறைகுறியீட்டில் ஒரு குறையைக் கண்டறிந்தனர். இரகசியச் சாவியை உருவாக்க அந்த உலாவி நேரத்தையும், கணினியில் இயங்கும் நிரலின் எண்ணையும் பயன்படுத்தியது. இவை ஊகிக்கக் கூடியவை; ஆகவே சாவியும் ஊகிக்கக் கூடியதாயிற்று. நெட்சுகேப் விரைந்து திருத்திய பதிப்பை வெளியிட்டது.

மற்றொரு குறை, சட்டத்தால் வந்தது. வலிமையான மறைகுறியீட்டை ஏற்றுமதி செய்ய அமெரிக்க அரசு தடை விதித்திருந்தது. அதனால் அமெரிக்காவுக்கு உள்ளே 128 பிட் சாவி கொண்ட உலாவியும், வெளிநாடுகளுக்கு 40 பிட் சாவி கொண்ட உலாவியும் வழங்கப்பட்டன. 1995 ஆகஸ்டில் பிரான்சைச் சேர்ந்த டேமியன் டொலிகே, ஆய்வகக் கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொண்டே, 40 பிட் சாவி ஒன்றை 8 நாட்களில் உடைத்துக் காட்டினார். ஏற்றுமதி விதிகள் 2000 சனவரியில்தான் தளர்த்தப்பட்டன. அதுவரை வெளிவந்த வெளிநாட்டுப் பதிப்புகளைக் கொண்டிருந்தோர் வலிமையான பூட்டைப் பெற வேண்டுமானால் உலாவியை மாற்றியே ஆக வேண்டியிருந்தது.

மாற்றுவதும் எளிதாக இல்லை. வினாடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள மோடத்தின் வழியே 10 மெகாபைட் கோப்பு ஒன்றைப் பதிவிறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறுபடாவிட்டாலும், ஏறத்தாழ 46 நிமிடம் ஆகும். தொலைபேசிக் கட்டணம் ஒருபுறம் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே பலர் கணினி இதழ்களுடன் இலவசமாக வந்த குறுந்தட்டுகளையே நம்பியிருந்தனர். குறுந்தட்டு வரும்போது இற்றை, வராவிட்டால் பழையதே.

எக்ஸ்புளோரர் 6 காலம்

2001 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துடன் அது உலகெங்கும் பரவியது. நெட்சுகேப் வீழ்ந்துவிட்ட நிலையில் போட்டி இல்லை. போட்டி இல்லாத இடத்தில் புதிய பதிப்பும் இல்லை. அடுத்த பதிப்பான எக்ஸ்புளோரர் 7 வர 2006 அக்டோபர் வரை, ஐந்து ஆண்டுகள் ஆயின.

இடைக்காலத்தில் ஓட்டைகள் பெருகின. 2004 சூனில் பரவிய ஒரு தாக்குதலை அடுத்து, வேறு உலாவியைப் பயன்படுத்துவதும் ஒரு பாதுகாப்பு வழி என்று அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு குறிப்பிட்டது. அவ்வாண்டு நவம்பர் 9 அன்று பயர்பாக்ஸ் 1.0 வெளியானது.

எக்ஸ்புளோரர் 7 வந்தபோது அதை எல்லாராலும் நிறுவ முடியவில்லை. விண்டோஸ் உரிமம் உண்மையானதுதானா என்று சோதித்த பிறகே அது நிறுவப்பட்டது. உரிமம் இல்லாத விண்டோஸ் பரவலாக இருந்த நாடுகளில் பலர் பழைய எக்ஸ்புளோரர் 6 உடனேயே தங்கிவிட்டனர். ஒரு கணினி தொற்றுக்கு ஆளானால் அது மற்றக் கணினிகளையும் தாக்கும் கருவியாகிவிடும். உரிமம் பெற்றவரும் அதனால் பாதிக்கப்படுவார். இறுதியில் 2007 அக்டோபரில் மைக்ரோசாப்ட் இச்சோதனையைக் கைவிட்டது. பாதுகாப்பு இற்றையை விற்பனை விதிகளோடு கட்டினால் பாதிப்பு எல்லாருக்கும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

தென் கொரியாவில் தடை வேறு வடிவில் வந்தது. அங்கு 1999 ஆம் ஆண்டின் மின்னணுக் கையொப்பச் சட்டத்தைத் தொடர்ந்து, இணைய வங்கிச் சேவைகள் சீட் என்னும் உள்நாட்டு மறைகுறியீட்டைப் பயன்படுத்தின. உலாவிகளில் அது இல்லாததால் ஆக்டிவ்எக்ஸ் என்னும் இணைப்பு நிரல் வழியே வழங்கப்பட்டது. அந்நிரலோ எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடே ஒரு நாட்டை ஒரே உலாவியோடு நெடுங்காலம் பிணைத்துவிட்டது. அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்களுக்கு இருந்த தனிச் சிறப்புரிமை 2020 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது.

2010 சனவரி 12 அன்று, தன் கணினிகள் ஊடுருவப்பட்டதாகக் கூகுள் அறிவித்தது. எக்ஸ்புளோரரின் அதுவரை அறியப்படாத ஓட்டை ஒன்று அத்தாக்குதலில் பயன்படுத்தப்பட்டது. இலக்கானது எக்ஸ்புளோரர் 6. செருமனி, பிரான்சு நாடுகளின் இணையப் பாதுகாப்பு அமைப்புகள், திருத்தம் வரும்வரை வேறு உலாவிக்கு மாறும்படி மக்களை அறிவுறுத்தின. சனவரி 21 அன்று திருத்தம் வந்தது. அவ்வாண்டு மார்ச் 4 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் எக்ஸ்புளோரர் 6 க்குக் கேலியாக இறுதிச் சடங்கு நடத்தப்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனமே அதற்கு மலர் அனுப்பி வைத்தது.

கேட்காமலே வரும் இற்றை

2005 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 1.5, இற்றைகளைத் தானே தேடிப் பெறும் வசதியைக் கொண்டிருந்தது. 2008 செப்டம்பர் 2 அன்று வெளியான கூகுள் குரோம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பயனரிடம் எதையும் கேட்காமல் பின்னணியிலேயே புதிய பதிப்பை இறக்கி, அடுத்த முறை திறக்கும்போது அதையே இயக்கியது.

இதன் பயனை 2009 இல் தாமஸ் டூபென்டார்ஃபர், சுடெஃபான் ஃபிரை ஆகியோர் அளந்தனர். புதிய பதிப்பு வெளியாகி 21 நாட்களுக்குள் குரோம் பயனர்களில் 97 விழுக்காட்டினர் அதைப் பெற்றிருந்தனர். பயர்பாக்ஸ் பயனர்களில் இது 85 விழுக்காடு, சஃபாரியில் 53, புதிய பதிப்பைக் கையால் நிறுவ வேண்டியிருந்த ஓப்பராவில் 24 விழுக்காடு மட்டுமே. மக்கள் அசட்டையாக இருந்தார்கள் என்பதைவிட, முறை கடினமாக இருந்தது என்பதே இதன் பொருள்.

இம்முறை மெல்ல மெல்ல எங்கும் பரவியது. பயர்பாக்ஸ் 2011 முதல் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பை வெளியிட்டது. எக்ஸ்புளோரரைத் தானாக மேம்படுத்தும் பணியை மைக்ரோசாப்ட் 2012 சனவரியில் ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் தொடங்கியது.

விரைவான இற்றையின் தேவையை 2011 இல் நெதர்லாந்தில் நடந்த நிகழ்வு தெளிவாக்கியது. வலைத்தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கிவந்த டிஜிநோட்டார் என்னும் நிறுவனம் ஊடுருவப்பட்டு, கூகுள் உள்ளிட்ட தளங்களின் பெயரில் 500 க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் உருவாக்கப்பட்டன. அவற்றில் ஒன்றைக் கொண்டு ஈரானில் பெருந்தொகையான பயனர்களின் இணைப்புகள் இடைமறிக்கப்பட்டன. உலாவி நிறுவனங்கள் அவசர இற்றை வெளியிட்டு டிஜிநோட்டாரை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கின. இற்றை பெற்ற கணினி போலியை மறுத்தது. பெறாத கணினியில் அதே போலித்தளம் வழக்கமான பூட்டுக் குறியுடன் தோன்றியது. பயனர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவர் கண்ணுக்கு வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தானியங்கி இற்றைக்கு மறுபக்கமும் உண்டு. எந்தெந்தக் கணினிக்கு இற்றை அனுப்புவது என்பதை முடிவு செய்பவர் உருவாக்குநர். அவர் ஒரு நாள் நிறுத்திவிட்டால், கணினி வெளிப்பார்வைக்கு மாற்றமின்றி ஓடிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு மட்டும் அன்றோடு நின்றுவிடும்.

எக்ஸ்பி விடைபெற்றது

2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவடைந்தது. அம்மாத இறுதிக்குள்ளேயே எக்ஸ்புளோரரில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. மே 1 அன்று மைக்ரோசாப்ட் விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் திருத்தம் வழங்கியது. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகைத் தாக்கியபோதும் எக்ஸ்பிக்கு மீண்டும் ஒரு திருத்தம் வெளியிடப்பட்டது. ஆனால் அத்தீநிரல் உலாவி வழியே பரவவில்லை. இயங்குதளத்தின் கோப்புப் பகிர்வுச் சேவை வழியே பரவியது. உலாவி புதியதாக இருப்பதால் மட்டும் கணினி பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதற்கு இது சான்று.

உலாவிகள் இயங்குதளத்தைவிடச் சில காலம் கூடுதலாக நீடிப்பது வழக்கமாயிற்று. கூகுள் குரோம் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2016 ஏப்ரல் வரை ஆதரவு தந்தது; அவற்றில் இயங்கும் இறுதிப் பதிப்பு 49. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் இப்பயனர்களை, வசதிகள் மாறாமல் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பெறும் நீள்கால ஆதரவுப் பதிப்பான 52 க்குத் தானாகவே நகர்த்தியது. 2018 செப்டம்பரில் அதுவும் நின்றது. விண்டோஸ் 7 க்கும் இதே வரிசைதான். அதன் பொது ஆதரவு 2020 சனவரி 14 அன்று முடிந்தது. குரோமின் இறுதிப் பதிப்பான 109, 2023 சனவரியில் வந்தது. 2023 சூலையில் வந்த பயர்பாக்ஸ் 115 நீள்கால ஆதரவுப் பதிப்பு விண்டோஸ் 7, 8 பயனர்களுக்கான கடைசிப் புகலிடம் ஆயிற்று. அதன் முடிவு நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டது.

தன்னார்வலர்களும் இப்பணியில் இறங்கினர். பவர்பிசி வகை நுண்செயலி கொண்ட பழைய ஆப்பிள் கணினிகளை மோசில்லா கைவிட்டபோது, கேமரன் கைசர் டென்ஃபோர்ஃபாக்ஸ் என்னும் பெயரில் பயர்பாக்ஸை அவற்றுக்கு ஏற்ப மாற்றி, 2010 முதல் 2021 வரை பராமரித்தார்.

பூட்டு மாறிய கதை

பழைய உலாவி ஆபத்தானது என்பதோடு நில்லாமல், ஒரு கட்டத்தில் பயனற்றும் போகிறது. வலைத்தளத்துக்கும் உலாவிக்கும் இடையிலான மறைகுறியீட்டு நெறிமுறை காலந்தோறும் மாறிவருவதே இதற்குக் காரணம். 1995 இல் எஸ்எஸ்எல் 2.0, 1996 இல் 3.0, 1999 இல் டிஎல்எஸ் 1.0, 2006 இல் 1.1, 2008 இல் 1.2, 2018 இல் 1.3 என அது வளர்ந்தது. 2014 அக்டோபரில் பூடில் என்னும் தாக்குதல் வெளிப்பட்டபின் எஸ்எஸ்எல் 3.0 கைவிடப்பட்டது. 2020 இல் முதன்மை உலாவிகள் டிஎல்எஸ் 1.0, 1.1 ஆகியவற்றை நிறுத்தின. எக்ஸ்பியில் நிறுவக்கூடிய கடைசி எக்ஸ்புளோரரான 8 ஆம் பதிப்பு அங்கு டிஎல்எஸ் 1.0 வரை மட்டுமே அறியும். எனவே இன்றைய தளங்கள் பலவற்றுடன் அதனால் பேசவே முடியாது.

இரண்டாவது காரணம் சான்றிதழ். ஒவ்வொரு கணினியிலும் நம்பத்தக்க மூலச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று உண்டு. அவற்றுக்கும் காலாவதி நாள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. பட்டியலைப் புதுப்பிக்காத பழைய கருவிகள் பலவற்றில் அன்று பல தளங்கள் திறக்கவில்லை. பயர்பாக்ஸ் இயங்குதளத்தின் பட்டியலைச் சாராமல் தன் சொந்தப் பட்டியலை வைத்திருப்பதால், பழைய கணினிகளில் அது கூடுதல் காலம் பயன்பட்டது. ஆயினும் அதன் பழைய பதிப்புகளுக்கும் விலக்கு இல்லை. 2025 மார்ச் 14 அன்று மோசில்லாவின் மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானதால், அதற்கு முன் இற்றைப்படுத்தாத பதிப்புகளில் துணைநிரல்கள் முடங்கும் என அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது காரணம் நுண்செயலி. பயர்பாக்ஸ் 2016 இல் 49 ஆம் பதிப்பு முதல் விண்டோஸ் கணினிகளில் எஸ்எஸ்இ2 என்னும் கட்டளைத் தொகுதியைக் கட்டாயமாக்கியது. பென்டியம் 3 இல் அது இல்லை. குரோம் 2021 இல் 89 ஆம் பதிப்பு முதல் எஸ்எஸ்இ3 தொகுதியைக் கோருகிறது. இத்தகைய கணினியில் இயங்குதளத்தை மாற்றினாலும் புதிய உலாவி இயங்காது.

தமிழ் எழுத்தும் உலாவி இற்றையும்

தமிழ்ப் பயனருக்கு உலாவி இற்றை என்பது பாதுகாப்பு மட்டுமன்று. எழுத்தே தெரிவதும் தெரியாததும் அதைச் சார்ந்திருந்தது. 2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தமிழ்த் தளங்கள் டிஸ்கி, தாப் முதலிய பல குறியீடுகளில் இயங்கின. தளத்துக்குத் தளம் எழுத்துரு மாறியது. தமிழ் யூனிகோடை ஏற்ற முதல் விண்டோஸ், 2000 ஆம் பதிப்பு ஆகும். கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைவதற்கு யூனிஸ்கிரைப் என்னும் உறுப்பு தேவைப்பட்டது. விண்டோஸ் 98 வைத்திருந்தோருக்கு அது எக்ஸ்புளோரர் 5.5 போன்ற புதிய உலாவியுடன் வந்து சேர்ந்தது. உலாவியை மாற்றி, உரிய எழுத்துருவையும் நிறுவிய பழைய கணினி யூனிகோடு தமிழைக் காட்டியது; மாற்றாதது வெறும் கட்டங்களைக் காட்டியது.

போலி இற்றைகள்

இற்றை செய்ய வேண்டும் என்று மக்கள் கற்றுக்கொண்டதும், அப்பாடத்தையே ஏமாற்றுக்காரர்கள் தமக்குச் சாதகமாக்கினர். ஊடுருவப்பட்ட வலைத்தளத்துக்குள் நுழைந்ததும், "உங்கள் உலாவி பழையது, உடனே இற்றைப்படுத்துக" என்று உண்மைபோலவே ஒரு பக்கம் தோன்றும். அதிலுள்ள பொத்தானைச் சொடுக்கினால் இறங்குவது தீநிரல். 2018 ஆம் ஆண்டளவில் பரவலாக அறியப்பட்ட இவ்வகைத் தாக்குதல் இன்றும் தொடர்கிறது. உண்மையிலேயே பழைய உலாவி வைத்திருப்பவருக்கு அச்செய்தி பொய்யாகத் தோன்றாது. ஆகவே இவ்வலையில் அவரே எளிதில் விழுவார்.

பாதுகாப்பான நடைமுறை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து, பழைய கணினியில் உலாவியை மாற்றுவோர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று பெறப்படுகிறது.

1. இயங்குதளத்தின் பெயர், பதிப்பு, அது 32 பிட்டா 64 பிட்டா என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த உலாவி பொருந்தும் என்பதை இவையே தீர்மானிக்கின்றன.

2. கணினியின் நாளையும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், கணினி ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகளுக்கு முந்தைய நாளைக் காட்டும். அப்போது நல்ல சான்றிதழும் "இன்னும் செல்லுபடியாகாதது" என மறுக்கப்படும். மின்கலத்தை மாற்றி, நாளையும் நேரத்தையும் சரியாக அமைத்தால் இப்பிழை நீங்கிவிடும்.

3. புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். புதிய பதிப்பு ஒருமுறை திறந்த பயனர் கோப்பைப் பழைய பதிப்பு மீண்டும் ஏற்காமல் போகலாம்.

4. உலாவியை அதன் உருவாக்குநரின் தளத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். தானாக எழும் அறிவிப்பைச் சொடுக்காமல், உலாவியின் பட்டியிலுள்ள "பற்றி" என்ற பகுதியில் பதிப்பைச் சோதிக்க வேண்டும்.

5. பழைய கணினியால் அத்தளத்தைத் திறக்க முடியாவிட்டால், நம்பகமான வேறு கணினியில் பதிவிறக்கி, பென் டிரைவ் மூலம் கொண்டுவரலாம். கோப்பின் பண்புகளில் உருவாக்குநரின் எண்முறைக் கையொப்பம் உள்ளதா எனப் பார்த்தபின் நிறுவ வேண்டும். எச்சரிக்கையைத் தவிர்க்க உலாவியின் பாதுகாப்பு அமைப்புகளை அணைத்துவிட்டுப் பதிவிறக்குவது தவறு.

6. பிளாஷ் போன்ற பழைய செருகுநிரல்களை நீக்க வேண்டும். பிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்றே முடிந்துவிட்டது.

7. பொருந்தும் உலாவி எதுவும் இல்லையெனில், வன்பொருள் ஏற்கும் லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவுவது அடுத்த வழி. இங்கும் எல்லை உண்டு: 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016 இலேயே நின்றுவிட்டது; பயர்பாக்ஸும் 2025 இல் அதை நிறுத்தியது.

8. எவ்வழியும் இயலாத கணினியில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், அரசுச் சேவைகள் ஆகியவற்றைத் திறக்கக் கூடாது. இணையத்தைத் துண்டித்துவிட்டு, தட்டச்சு செய்யவும், பாடம் படிக்கவும், பாட்டுக் கேட்கவும் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

இன்றைய நிலை

2022 சூன் 15 அன்று இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஓய்வு பெற்றது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லும் புதிய நுண்செயலியும் இல்லாததால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பல பழையவற்றின் வரிசையில் சேர்ந்துள்ளன. எனினும் இம்முறையும் உலாவி சில காலம் கூட வருகிறது: விண்டோஸ் 10 இல் எட்ஜ் உலாவிக்கு குறைந்தது 2028 அக்டோபர் வரை இற்றை வழங்கப்படும் என மைக்ரோசாப்ட் அறிவித்துள்ளது. எக்ஸ்பிக்குப் பின் குரோம் இரண்டு ஆண்டுகளும் பயர்பாக்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு மேலும் இவ்வாறு நின்றன. விண்டோஸ் 7 க்குப் பின் குரோம் மூன்று ஆண்டுகள் நின்றது. இந்த இடைக்காலம் பழைய கணினியை அப்படியே வைத்துக்கொள்ளக் கிடைத்த நிரந்தர அனுமதி அன்று. கோப்புகளைப் படியெடுக்கவும், மாற்று இயங்குதளத்தைச் சோதித்துப் பார்க்கவும், இயன்றால் வேறு கணினிக்குப் பணம் சேர்க்கவும் கிடைத்த தவணை ஆகும்.